எப்பாக்ஸி ஏறவில்லை, நிற்கவில்லை, இறுகவில்லை: விரிசல் வேலையில் பம்ப்பும் பாக்கரும் தரும் தொல்லைகள்

மதுரைப் பக்கம் வீட்டுக்காரர் விரிசலைக் காட்டும்போது முதலில் சொல்வது, "சும்மா மயிரிழைதான், ரெண்டு மணி நேர வேலை" என்பது. ரெண்டு மணி நேரம் பாக்கர் (துளை போட்டு இறக்கும் ரெசின் குழாய்) இறக்கவே போய்விடும். அப்புறம் விரிசலை ஒட்டும் எப்பாக்ஸியை, அதாவது ஹார்டனர் கலந்தால் இறுகும் ரெசினை, ஏற்றப் பம்ப்பை அழுத்தினால் ஏறாது, ஏறினால் நிற்காது, நின்றால் இறுகாது. வேலையை ஆரம்பித்து இப்படி எங்கேயோ மாட்டிக்கொண்டவர்களுக்காக எழுதுகிறேன். உங்கள் இடத்தில் என்ன தெரிகிறதோ, அந்தத் தலைப்புக்கு நேராகப் போகலாம்.

அதற்கு முன் ஒரு பழக்கம். அளவுக் கோடு போட்ட பிளாஸ்டிக் மக்கில்தான் ரெசினை ஊற்ற வேண்டும். ஒவ்வொரு போர்ட்டும் (ரெசின் ஏற்றும் வாய்) எத்தனை மில்லி குடித்தது என்று பக்கத்திலேயே சாக்பீஸால் சுவரில் எழுதிவிட வேண்டும். வேலை கெட்டால் எல்லாரும் டப்பாவைத்தான் திட்டுகிறார்கள். என் அனுபவத்தில் டப்பா குற்றவாளியாக இருந்தது குறைவு. ரெசின் எங்கே போகிறது என்று பார்க்காமல் அழுத்தியதுதான் அதிகம். எங்கே போகிறது என்பதைச் சாக்பீஸ் எண்தான் காட்டிக்கொடுக்கும்.

சாமான் இரண்டு வகை. ஒன்று, விரிசல் மேலேயே பட்டி (விரிசலின் வாயையும் இதைத் தடவித்தான் அடைப்போம்) வைத்து ஒட்டும் நாசில். இதற்கு ஸ்பிரிங் அல்லது ரப்பர் சிரிஞ்சு, இல்லையென்றால் இரட்டைக் குழல் கன் போதும். மெல்லிய அழுத்தத்தில் மெதுவாக ஏறும். இன்னொன்று, டிரில் போட்டு உள்ளே இறக்கி ஸ்பானரால் முறுக்கும் பாக்கர். இதற்குக் கிரீஸ் கன் மாதிரியான கைப்பம்ப்போ, டிரில் மோட்டார் மாட்டிய பம்ப்போ வேண்டும். மோட்டார் பம்ப் நூறு பாருக்கு மேல் தள்ளும். தடிமனான பீமுக்கும் டேங்க் சுவருக்கும் அது சரி. நான்கரை அங்குலத் தளத்துக்கு அதை எடுத்துக்கொண்டு வந்தால், இருக்கிற விரிசலை நீங்களே பெரிசாக்கிவிடுவீர்கள்.

கைப்பிடி கல்லாக நிற்கிறது, ஒரு சொட்டுகூட ஏறவில்லை

முதலில் ஹோஸைப் போர்ட்டிலிருந்து கழற்றி, மக்குக்குள் ஒரு தடவை அழுத்திப் பாருங்கள். ரெசின் வந்தால் பம்ப் நல்லாயிருக்கிறது. வராவிட்டால் ஹோஸின் வாயிலோ, அதைப் போர்ட்டில் மாட்டும் கப்ளரிலோ போன வேலையின் மிச்சம் இறுகிக் கிடக்கிறது. வொர்க்‌ஷாப் ரோட்டில் புது கப்ளர் வாங்கிவிடலாம். பழையதைக் குண்டூசியால் குத்திக்கொண்டிருந்தால் கலந்த ரெசின் மக்கிலேயே இறுகிவிடும்.

பம்ப் சரி என்றால் நாசிலைப் பாருங்கள். ஒட்டு நாசிலின் தட்டில் பட்டியை அள்ளி அப்பி அழுத்தினால், அது பிதுங்கி நடுத் துளைக்குள்ளும் அடியில் விரிசலின் வாயிலும் புகுந்துகொள்ளும். வெளியே பார்த்தால் அழகாக ஒட்டியிருக்கும், உள்ளே மூடி போட்டிருக்கும். இதற்கு நான் செய்வது: நாசில் வழியாக ஒரு சின்ன ஆணியை விட்டு, அதன் முனை விரிசலுக்குள் நிற்கும்படி வைத்து ஒட்டுவேன், பட்டி இறுகுவதற்குள் ஆணியை உருவிவிடுவேன். நேரமும் பெரிதாக எடுக்காது. ஏற்கெனவே மூடிப்போன நாசிலை நோண்டிப் பயனில்லை. தட்டி எடுத்துவிட்டு, இரண்டு அங்குலம் தள்ளிப் புதிதாக வையுங்கள்.

பாக்கர் என்றால் சந்தேகம் வேறு. ஹேமர் டிரில் போட்ட துளையில் மைதா மாவு மாதிரி தூள் நிற்கும். அதை அப்படியே விட்டுவிட்டுப் பாக்கரை முறுக்கினால் விரிசலின் வாய் அடைபடும். ஈரத் துணியால் துடைத்தால் இன்னும் மோசம், தூள் குழைந்து சிமென்ட் பூசினது போல ஆகிவிடும். ப்ளோயரின் மெல்லிய குழாயைத் துளையின் அடிவரை விட்டு ஊத வேண்டும்.

துளை விரிசலைத் தொடவே இல்லையோ என்பது அடுத்த சந்தேகம். 200 மி.மீ. தடிமன் சுவர் என்றால், விரிசலிலிருந்து 100 மி.மீ. தள்ளி ஆரம்பித்து 45 டிகிரி சாய்வில் போட வேண்டும். பிட் சுமார் 140 மி.மீ. உள்ளே போகும்போது சுவரின் நடு ஆழத்தில் விரிசலைச் சந்திக்கும். இது விரிசல் நேராக உள்ளே இறங்குகிறது என்று நம்பிப் போடும் கணக்கு. சாய்ந்து இறங்கினால் ஒரு பக்கத் துளை எல்லாமே குறி தவறும். அதனால்தான் ஒன்று இடது, ஒன்று வலது என்று மாற்றி மாற்றிப் போடச் சொல்வது. சோதனை சுலபம்: ஒரு துளையில் காற்றை விட்டு, அடுத்த துளையின் வாயில் எச்சில் தொட்ட விரலை வைத்துப் பாருங்கள். சில்லென்றால் வழி இருக்கிறது. ரெசின் கலப்பதற்கு முன்பே இதைச் செய்துவிட்டால் இந்தத் தலைப்பையே நீங்கள் படித்திருக்க வேண்டாம்.

கடைசியாக ஒரு கேவலமான காரணம்: விரிசல் காங்கிரீட்டிலேயே இல்லை, பூச்சில்தான் இருக்கிறது. அரை அங்குலப் பூச்சு காய்ந்து வெடித்ததற்கு அரை நாள் பம்ப் அடித்திருப்போம். ஒரு சாண் அளவுக்குப் பூச்சைக் கொத்தி, கீழே காங்கிரீட் முகத்தில் அதே கோடு தெரிகிறதா என்று பார்த்த பிறகுதான் விலையே பேச வேண்டும். பில்லரும் செங்கல் சுவரும் சேரும் இடத்தில் நூல் பிடித்தாற்போல் நேராக ஓடும் வெடிப்பும் எப்பாக்ஸிக்கான வேலையல்ல. அங்கே கோழி வலை அடித்துப் பூசுவதே முறை.

எல்லாம் சரியாயிருந்தும் ஏறவில்லை என்றால் ரெசினின் பதம். 0.3 மி.மீ.க்குக் குறைந்த விரிசலுக்குத் தேன் பதம் ஆகாது. விளக்கெண்ணெயைவிட நீர்த்து இருக்க வேண்டும். டப்பாவில் பாகுநிலை 500 சி.பி.எஸ்.க்குள் என்று போட்டிருப்பதைப் பார்த்து வாங்குங்கள். ஏறட்டும் என்று தின்னர் ஊற்றிக் கலக்கும் பழக்கம் இங்கே நிறைய இருக்கிறது. ஊற்றாதீர்கள். ஏறும், ஆனால் தின்னர் ஆவியாகிப் போன இடமெல்லாம் உள்ளே ஓட்டையாக நிற்கும், ரெசினும் சவசவவென்று ஆகிவிடும்.

பட்டி பிய்த்துக்கொண்டு ஓரத்தில் வழிகிறது

உடனே அழுத்தத்தை விடுங்கள். அந்தப் போர்ட்டை மூடிவிட்டு, வழியும் இடத்தை வேஸ்ட் துணியால் துடைத்து, மெழுகுவர்த்தியைத் தேய்த்து அடையுங்கள். ஊசி முனை அளவு கசிவுக்கு மெழுகு போதும். பெரிசாக இருந்தால் உடனே இறுகும் சிமென்ட்டை உருட்டி அழுத்திப் பிடிக்க வேண்டும். பத்து நிமிடம் பொறுத்து, பாதி அழுத்தத்தில் திரும்ப ஆரம்பியுங்கள்.

ஏன் பிய்ந்தது என்று பிய்ந்த பட்டியின் முதுகைத் திருப்பிப் பார்த்தால் தெரியும். வெள்ளையாகச் சுண்ணாம்போ டிஸ்டெம்பரோ ஒட்டியிருந்தால், பட்டி காங்கிரீட்டைப் பிடிக்கவில்லை, பெயின்ட்டைத்தான் பிடித்தது. விரிசலின் இரு பக்கமும் ஓர் அங்குலத்துக்கு இரும்பு பிரஷ் போட்டுச் சாம்பல் நிறம் தெரியும்வரை தேய்த்திருக்க வேண்டும். முதுகு சுத்தமாக இருந்து, பட்டி மட்டும் நடுவில் பிளந்திருந்தால் கனம் போதவில்லை. 2, 3 மி.மீ. கனமாவது வேண்டும். நகத்தால் கீறினால் தடம் விழுகிறது என்றால் அவசரப்பட்டு ஏற்றிவிட்டீர்கள், அவ்வளவுதான்.

குடித்துக்கொண்டே இருக்கிறது, அடுத்த போர்ட்டில் வரவே இல்லை

இங்கேதான் சாக்பீஸ் எண் காசு மிச்சம் பிடிக்கும். கணக்கு போட்டுப் பாருங்கள்: 0.3 மி.மீ. அகலம், 150 மி.மீ. ஆழம், ஒரு மீட்டர் நீளம் உள்ள விரிசலுக்குள் கொள்ளக்கூடியது 45 மில்லி. ஒரு டீ கிளாஸில் பாதிகூட இல்லை. உள்ளே அகலம் கூடலாம், கிளை பிரியலாம், ஹோஸில் கொஞ்சம் வீணாகும். இரட்டிப்பு என்றே வையுங்கள். ஒரு மீட்டருக்கு அரை லிட்டர் போய்விட்டது, அடுத்த நாசில் இன்னும் காய்ந்து நிற்கிறது என்றால், அது விரிசலுக்குள் போகவில்லை. வேறெங்கோ போகிறது.

எனக்கு ஒரு தடவை நடந்தது. ஒரு மாடி வீட்டில் மொட்டை மாடியிலிருந்து தளத்தின் விரிசலுக்கு ஏற்றிக்கொண்டிருந்தோம். மூன்றாவது போர்ட் 300 மில்லி குடித்துவிட்டது. என்னோடு வேலை செய்த தம்பி சந்தோஷமாகச் சொன்னான், "அண்ணே, உள்ள செம வெடிப்பு போல, நல்லா எறங்குது." கீழேயிருந்து வீட்டம்மா கூப்பிட்டார், "தம்பி, ஃபேன்ல இருந்து தேனு மாதிரி என்னமோ சொட்டுது, வந்து பாருங்க." போய்ப் பார்த்தால் ஃபேன் பாக்ஸின் ஓரத்திலிருந்து பொன்னிறமாக நூல் நூலாக இறங்கி, கட்டிலில் விரித்திருந்த புதுப் போர்வையில் ஒரு வட்டம் போட்டிருந்தது. விரிசல், தளத்துக்குள் ஓடும் வயர் பைப்பைக் குறுக்கே வெட்டிப் போயிருக்கிறது. ரெசின் பைப்பைப் பிடித்துக்கொண்டு பாக்ஸுக்கு வந்துவிட்டது. மெயினை அணைத்து, பைப்பிலிருந்து வயரை இழுத்துப் பார்த்தால் அசையவில்லை. போர்வைக்கும் புது வயரிங்குக்கும் என் கையிலிருந்துதான் கொடுத்தேன். அன்றிலிருந்து தளத்தில் வேலை என்றால் முதலில் ஃபேன் பாக்ஸும் லைட் பாயின்ட்டும் எங்கே என்று பார்த்து, மேலே சாக்பீஸால் பைப் போகும் வழியைக் குத்துமதிப்பாகக் கோடு போட்டுவிடுவேன்.

பைப் இல்லையென்றால் விரிசலின் மறுபக்கத்தைப் பாருங்கள். பீமின் இந்தப் பக்கம் பட்டி தடவி, அந்தப் பக்கம் பூச்சுக்குள் மறைந்திருக்கும் விரிசலை விட்டுவிட்டால், பூச்சுக்கும் காங்கிரீட்டுக்கும் நடுவே ரெசின் பரவும். சுத்தியல் பிடியால் தட்டினால் அங்கே சத்தம் பொத்தென்று மாறுவது கேட்கும். தரைக்குக் கீழே போகும் சுவர், சம்ப் போன்ற இடங்களில் மறுபக்கம் கை எட்டாது. அங்கே 30, 40 மில்லி ஏற்றிவிட்டு, கொஞ்ச நேரம் நிறுத்தி, அது கெட்டியாக ஆரம்பித்த பிறகு இன்னும் கொஞ்சம் என்று தவணையில்தான் போக வேண்டும். காங்கிரீட் போட்டபோது சரியாகக் குத்தாமல் விட்ட தேன்கூட்டு ஓட்டை என்றால் எப்பாக்ஸி கட்டுப்படியாகாது. முதலில் சிமென்ட் பால் ஏற்றி நிரப்பிவிட்டு, மிஞ்சும் விரிசலுக்கு ரெசின் போடலாம்.

வரிசையும் பாருங்கள். செங்குத்து விரிசலில் கீழ் போர்ட்டில் ஆரம்பித்து மேலே போக வேண்டும். மேலிருந்து ஊற்றினால் காற்று அடியில் மாட்டிக்கொள்ளும். ரெசின் போனது போலவும் இருக்கும், நிரம்பாமலும் இருக்கும்.

மக் சுடுகிறது, புகைகிறது

சித்திரையில் ஒரு தடவையாவது இது நடக்கும். ரெசினும் ஹார்டனரும் சேர்ந்தால் தானே சூடு கிளம்பும். அதிகமாகக் கலந்து ஒரே மக்கில் குவித்து வைத்தால் அந்தச் சூடு வெளியே போக வழியில்லாமல் இன்னும் வேகமாக இறுகும். 25 டிகிரியில் அரை மணி நேரம் தாங்கும் கலவை 35 டிகிரியில் தோராயமாகக் கால் மணி நேரம்தான் தாங்கும். அக்னி நட்சத்திரத்தில் மொட்டை மாடியில் காலையிலிருந்து வெயிலில் கிடந்த டப்பாவைத் திறந்து கலந்தால், ஏழெட்டு நிமிடத்தில் ஹோஸோடு போய்விடும்.

புகைய ஆரம்பித்தால் மக்கை வெறுங்கையால் தொடாதீர்கள். அதை மணலில் வைத்துவிட்டு, பம்ப்பில் இருப்பதை முதலில் வெளியே தள்ளி, தின்னரால் கழுவுங்கள். பம்ப்தான் காசு, மக்கு இல்லை. அடுத்த கலவையை 200 மில்லிக்கு மேல் போடாதீர்கள். மக்குக்குப் பதில் அகலமான தட்டில் ஊற்றி வைத்தால் சூடு பரவிப் போகும். கலக்காத டப்பாக்களை நிழலில், அகலத் தொட்டியில் தண்ணீர் ஊற்றி மூடி இறுக்கி வைக்கலாம், மூடிப் பக்கம் மட்டும் நனையக் கூடாது. இரட்டைக் குழல் கன் வைத்திருப்பவர்களுக்கு இந்தத் தொல்லை குறைவு, இறுகினால் கலக்கும் நாசில் மட்டும்தான் போகும். நாசிலுக்குக் காசு ஆகிறதே என்று தின்னரில் ஊறப்போட்டு மறுபடி மாட்டினால் கலப்பு சரியாக வராது.

கோடையில் நான் காலை ஐந்தரைக்கே ஏணியில் இருப்பேன். காரணம் ரெசின் மட்டுமில்லை. குளிர்ந்திருக்கும்போது காங்கிரீட் சுருங்கி விரிசல் வாய் திறந்திருக்கும், மத்தியானம் விரிந்து மூடிக்கொள்ளும். விடிகாலையில் ஏறும் போர்ட் பன்னிரண்டு மணிக்கு ஏறாமல் போனதை நிறையப் பார்த்திருக்கிறேன்.

கையுறை விஷயத்தில் மட்டும் கறாராக இருங்கள். ஹார்டனர் தோலில் பட்டுப் பட்டு ஒரு நாள் அரிப்பு ஆரம்பித்தால் அப்புறம் வாசனை பட்டாலே தடிக்கும் ஆட்கள் உண்டு. கையில் பட்டதைத் தின்னரால் கழுவுவது அதைத் தோலுக்குள் இன்னும் இறக்குவது மாதிரி. துடைத்துவிட்டு சோப்பு போடுங்கள்.

மறுநாளும் பிசுபிசுவென்று இருக்கிறது

விகிதம் தவறியிருக்கிறது, அல்லது சரியாகக் கலக்கவில்லை. டப்பாவில் 2-க்கு 1 என்று போட்டிருந்தால் அது எடையிலா, கொள்ளளவிலா என்று படியுங்கள். இரண்டும் ஒன்றல்ல, ரெசினும் ஹார்டனரும் ஒரே கனம் இல்லை. எடை விகிதத்தை மக்கில் கோடு பார்த்து ஊற்றினால் ஒன்று கூடிவிடும். ஹார்டனரைக் கொஞ்சம் தாராளமாக விட்டால் சீக்கிரம் இறுகும் என்று ஒரு நம்பிக்கை கொத்தனார்களிடம் இருக்கிறது. கூடின ஹார்டனர் சேர ரெசின் இல்லாமல் அப்படியே பசையாக நிற்கும். அடுத்த தவறு, மக்கின் அடியும் ஓரமும். மூன்று நிமிடம் கலக்கியபின் வேறொரு மக்குக்கு மாற்றி இன்னும் ஒரு நிமிடம் கலக்குங்கள்.

இரட்டைக் கூறு மெஷின் என்றால், கலக்கும் நாசிலைக் கழற்றிவிட்டு இரண்டு குழாயையும் தனித்தனி மக்கில் பிடித்துக் கொஞ்சம் ஓட்டுங்கள். விகிதம் கண்ணுக்கே தெரியும். ஒரு பக்க வால்வில் துரும்பு நின்றால்கூட மெஷின் நிற்காது, சத்தமும் மாறாது. ஒற்றை ரெசினாகவே நாள் முழுக்க ஏற்றிக்கொண்டிருப்பீர்கள். தினமும் காலையில் ஒரு தடவையும், நாசில் மாற்றும்போதெல்லாம் ஒரு தடவையும் இந்தச் சோதனை போடுவது நல்லது.

ஒவ்வொரு கலவையிலும் ஒரு ஸ்பூன் எடுத்துக் காகித கப்பில் ஊற்றி, போர்ட் எண்ணை எழுதி நிழலில் வைத்துவிடுங்கள். மறுநாள் கப் கண்ணாடி மாதிரி நிற்கிறதா, நகம் இறங்குகிறதா என்று பார்த்தால் எந்தப் போர்ட் கெட்டது என்று தெரிந்துவிடும். கெட்ட போர்ட்டுக்கு மருந்தில்லை. உள்ளே இறுகாமல் நிற்கும் பசை, புது ரெசினையும் உள்ளே விடாது. எதிர்ப்பக்கத்திலிருந்து புதுத் துளை போட்டு முயலலாம், சில சமயம் ஏறும். பீம், பில்லர் மாதிரி பாரம் தாங்கும் இடம் என்றால் கட்டடப் பொறியாளரைக் கூப்பிட்டுக் காட்டிவிடுங்கள்.

பாக்கர் சுற்றிக்கொண்டே இருக்கிறது, அல்லது துள்ளி வெளியே வருகிறது

பிட் ஆடியதில் துளை பெருத்துவிட்டது. 13 மி.மீ. பாக்கருக்கு 14 மி.மீ. பிட் போதும், பழைய வளைந்த பிட்டில் அது 16 ஆகிவிடும். ஒரு சைஸ் பெரிய பாக்கரை இறக்குங்கள், அல்லது தள்ளித் துளை போடுங்கள். அழுத்தம் இருக்கும்போது பாக்கருக்கு நேரே முகத்தை வைக்காதீர்கள், கண்ணாடி போடாமல் கைப்பிடியைத் தொடாதீர்கள்.

விரிசலில் தண்ணீர் ஓடுகிறது

எப்பாக்ஸியை மூடி வையுங்கள். ஒழுகும் டேங்க்குக்கும் சம்ப்புக்கும் முதலில் தண்ணீரோடு சேர்ந்து நுரைத்துப் பெருகும் பாலியூரித்தேன் ஏற்றி ஒழுக்கை நிறுத்த வேண்டும். வெறும் ஈரம்தான் என்றால் காயவிடுங்கள். ஈரத்திலும் பிடிக்கும் என்று எழுதியிருக்கும் எப்பாக்ஸி உண்டு, ஆனால் நிற்கும் தண்ணீரை அது தள்ளிவிட்டு ஒட்டாது.

நன்றாக இறுகியது, ஆறு மாதத்தில் பக்கத்திலேயே புது விரிசல்

பழைய கோட்டுக்கு ஓரங்குலம் தள்ளி இணையாக ஓடுகிறதா? அப்படியென்றால் உங்கள் வேலை நன்றாகவே இருக்கிறது. இறுகிய ரெசின் காங்கிரீட்டைவிட வலுவானது. இழுப்பு நிற்கவில்லை என்றால் பலவீனமான இடமாகப் பார்த்து மறுபடி பிளக்கும். இழுப்பு எதனால் என்று தேடுங்கள். கோடு கம்பி போகும் வழியிலேயே ஓடி, பழுப்புக் கறை தெரிந்து, தட்டினால் பொத்தென்று கேட்டால் உள்ளே கம்பி துருப்பிடித்து ஊதுகிறது. அதன் மேல் ரெசின் ஏற்றுவது புண்ணை மூடித் தைப்பது மாதிரி. கொத்தி எடுத்து, கம்பியைத் தேய்த்து, துரு தடுப்பு பூசித்தான் மூட வேண்டும்.

கம்பி சுத்தமாக இருந்தால் மண். திருமங்கலம், கள்ளிக்குடிப் பக்கம் கரிசல். மழையில் ஊதும், கோடையில் பிளக்கும், மேலே நிற்கும் கட்டடத்தையும் கூடவே தூக்கி இறக்கும். திருமங்கலம் தாண்டி ஒரு வீட்டில் அடித்தளப் பீமின் விரிசலைக் காட்டி, "போன வருஷம்தான் ஒருத்தர் எப்பாக்ஸி போட்டுட்டுப் போனாரு, நீங்களும் அதையே போட்றாதீங்க" என்றார் வீட்டுக்காரர். போடவில்லை. விரிசலுக்குக் குறுக்கே மூன்று இடத்தில் மெல்லிய கண்ணாடிச் சில்லைப் பட்டி வைத்து ஒட்டி, பக்கத்தில் பென்சிலால் தேதியும் அகலமும் எழுதிவிட்டு வந்தேன். வைகாசியில் 0.4 மி.மீ. ஐப்பசி மழை முடிந்து போனபோது மூன்று கண்ணாடியும் உடைந்திருந்தன, ஒரு பக்கம் 0.9 காட்டியது. அந்த மூலையில்தான் மாடித் தண்ணீர்க் குழாய் சுவரோரமாகவே கொட்டிக்கொண்டிருந்தது. குழாயை நீட்டி வாய்க்காலில் விட்டு, வீட்டைச் சுற்றி மூன்றடிக்குச் சரிவாகத் தளம் போடச் சொன்னேன். புதுக் கண்ணாடி ஒட்டியிருக்கிறேன். இரண்டு மழை தாண்டி அது உடையாமல் நின்றால்தான் பம்ப்பை எடுத்துக்கொண்டு போவேன்.